கரையாத தீன்: வளவுக் கோழிக்குக் கைவைத்தியம் எதுவரை?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கிண்ணியாவில் நாலு கோழியாவது இல்லாத வளவைக் காண்பது அரிது. பெரிய கிண்ணியாவிலும் குறிஞ்சாக்கேணியிலும் ஆலங்கேணியிலும் அவை வேலியோரம், கிணற்றடி, வைக்கோற்போர் என்று நாள் முழுதும் கிளறித் தின்றுவிட்டுப் பொழுது படுமுன் கூட்டில் ஏறிவிடுகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் விலை கைக்கெட்டாமல் போனது. பண்ணைகள் சுருங்கின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. அந்த நாட்களில் வளவுக் கோழி இட்ட முட்டையின் அருமையை எல்லா வீடுகளும் உணர்ந்தன.

அப்படி ஒரு கோழி ஒருநாள் காலையில் கழுத்தடி புடைத்து, கண் சொருகி, கூட்டு மூலையில் நின்றுவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எண்ணெய் ஊற்று என்பார் ஒருவர். தலைகீழாகப் பிடித்து உதறு என்பார் இன்னொருவர். உள்ளியும் இஞ்சியும் இடித்துப் புகட்டு, பாமசியில் கப்சூல் வாங்கிப் போடு, கழுத்தைக் கீறிக் கழுவித் தை, ஒன்றும் வேண்டாம் அறுத்துவிடு. இந்த யோசனைகள் ஒவ்வொன்றையும் கோழியின் உடலமைப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயில் ஊற்றும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு, கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கூட்டினால் வீட்டில் பிழைக்கக்கூடிய கோழிகள் பிழைக்கும்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியதை அப்படியே விழுங்குகிறது. உணவுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்குமுன், கழுத்தின் அடியில் சற்று வலப்பக்கமாக, ஒரு பையாக விரிகிறது. அதுதான் தீன்பை. செரிமானம் அங்கே பெரிதாக நடப்பதில்லை. தீன் ஊறி மெதுவாகிறது. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதை இலேசாகப் புளிக்க வைத்துக் கெட்ட கிருமிகளை அடக்குகின்றன. பிறகு தீன் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் சுரக்கும் முன்னிரைப்பைக்கும், அங்கிருந்து தடித்த தசையாலான அரைவைப்பைக்கும் போகிறது. அரைவைப்பையில் கிடக்கும் சிறு கற்களே பல்லின் வேலையைச் செய்கின்றன. தீன்பை சுருங்கி விரிவதற்கு மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு ஒழுங்காக இயங்க வேண்டும். ஆகவே தீன்பை நிரம்பியே கிடந்தால் கோளாறு தீன்பையில்தான் என்று முடிவுகட்ட முடியாது. கீழே அரைவைப்பை அடைத்திருக்கலாம், நரம்பு செயலிழந்திருக்கலாம், உடம்பு முழுவதையும் பிடித்த நோயால் குடலோட்டமே நின்றிருக்கலாம். கைவைத்தியம் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

மாலையில் நிரம்பும் தீன்பை இரவில் வடிந்து விடியும்போது வெறுமையாகிவிட வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கோழி கூட்டில் ஏறியபின் ஒருமுறையும், காலையில் கூட்டைத் திறக்குமுன் ஒருமுறையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் கோழி அடங்கிக் கிடப்பதால் பிடிப்பதும் எளிது. மடியில் வைத்து, இடக்கையால் இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்து, வலக்கை விரல்களைக் கழுத்தடியில் வைத்தால் போதும். நல்ல கோழியின் தீன்பையை மாலையில் அமுக்கும்போது உள்ளே நெல்மணிகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது விரலுக்குத் தெரியும். காலையில் அதே இடத்தில் தளர்ந்த தோல் மடிப்புத்தான் இருக்கும். காலையிலும் கட்டியாக, அமுக்கினால் அசையாமல் இருந்தால் அது கட்டு. தண்ணீர் நிரம்பியதுபோல் தளதளத்து, வாயருகே மோந்தால் புளித்த வாடை வந்தால் அது புளிப்பு. நெஞ்சுக்குக் கீழே இறங்கி, நடக்கும்போது ஆடினால் அது தொங்கல். விரலை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோய் நெஞ்செலும்பையும் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு கத்திபோல் துருத்தி நின்றால் கோழி பல நாளாகவே மெலிந்து வந்திருக்கிறது. நேற்றுத் தின்ற எதையும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கட்டு விழுவதற்கு நீண்ட புல், வைக்கோல், தென்னந்தும்பு, காய்ந்த பாண் விளிம்பு எல்லாம் காரணமாகும். நாள் முழுதும் அடைத்து வைத்த கோழியைத் திடீரென்று புற்றரையில் விட்டால் ஆசையில் நீள நீளமாகப் பிடுங்கி விழுங்கும். அது உள்ளே சுருண்டு கயிறாகிவிடும். வெள்ளாமை வெட்டியபின் வைக்கோல் குவிந்து கிடக்கும் நாட்களிலும், கச்சான் காற்று வீசிப் பச்சையெல்லாம் நாராகிப்போன மாதங்களிலும் கவனம் கூடுதலாக வேண்டும். கிழிந்த சொப்பின் பேக் துண்டுகளும் இன்று இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

கரையோர ஊரான எங்களுக்கு இன்னும் இரண்டு தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று தங்கூசி. வலை பொத்தும்போது வெட்டி எறியும் நைலோன் துண்டுகள் முற்றத்து மணலில் கிடக்கும். மீன் வாடை படிந்த அந்தத் துண்டுகளைக் கோழி கொத்திவிடுகிறது. ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ள, மறுமுனை தீன்பைக்குள் இறங்கித் தீனைச் சேர்த்துப் பிணைத்துக்கொள்ளும். எனவே கட்டு விழுந்த கோழியின் வாயை வெளிச்சத்தில் திறந்து நாக்கின் அடியைப் பார்ப்பது முதல் வேலை. நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. இறுகிய நூல் உணவுக்குழாயை உள்ளுக்குள் அறுத்துவிடும். வெளியே தெரியும் நீளத்தை மட்டும் வெட்டிவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

மற்றது ஈயம். வீச்சுவலையில் கோக்கும் ஈயமணியும், ஈயம் உருக்கிய இடத்தில் சிதறிய துளிகளும் கோழிக்குச் சிறு கல்லாகவே தெரியும். அரைவைப்பை அதைத் தேய்க்கத் தேய்க்க ஈயம் இரத்தத்தில் கலந்து நரம்புகளைக் கெடுக்கிறது. தீன்பை அசைவின்றிப் போகிறது. கோழி மெலிந்து கால் தளர்கிறது. எண்ணெயோ உள்ளியோ இங்கே எதுவும் செய்யாது. இதில் என்னை மிகவும் வருத்துவது முட்டை. ஈயம் முட்டை வழியாகப் பிள்ளைகளின் உடம்புக்கும் போகும். வளரும் மூளைக்கு அதைவிடக் கேடானவை சிலவே. வலைவேலை நடக்கும் முற்றத்தில் கோழியை விடக்கூடாது. இதில் சமரசத்துக்கு இடமே இல்லை என்பேன்.

மற்றபடி சாதாரணக் கட்டுக்கு வீட்டில் செய்யக்கூடியது உண்டு. கோழியைத் தனியே பிரித்து, ஒருநாள் தீனை நிறுத்தி, சுத்தமான தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத தேங்காயெண்ணெயைச் சிறு பாண் துண்டில் ஊறவைத்துக் கோழி தானாகவே கொத்தும்படி கொடுக்கலாம். நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம்போல், விரல்நுனியால் கட்டியை மெதுவாகப் பிசைந்து தளர்த்த வேண்டும். வாயை நோக்கி மேலே தள்ளக்கூடாது. எண்ணெய் எதையும் கரைப்பதில்லை. உராய்வைக் குறைக்கிறது, அவ்வளவுதான். உண்மையான வேலையைத் தண்ணீரும் விரலும் செய்கின்றன. இரண்டாம் நாள் காலையில் கட்டி சுருங்கியிருந்தால் ஊறவைத்த குழைந்த தீனும் அவித்த முட்டையும் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்கலாம். இரண்டு நாள் கழிந்தும் அப்படியே இருந்தால் கைவைத்தியத்தின் எல்லை அதுதான்.

எண்ணெயையோ கஷாயத்தையோ அலகைப் பிளந்து ஊற்றுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், கோழியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்து கிடக்கிறது. பயந்து மூச்சு வாங்கும் கோழியின் வாயில் நேராக ஊற்றுவதில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போனாலே போதும். அதிலும் எண்ணெய் போனால் திரும்பி வராது. அடுத்த நாள் கோழி செத்துக் கிடக்கும்போது வீட்டார் தீன்பை நோயைக் குறை சொல்வார்கள்.

தலைகீழாகப் பிடிப்பதும் அதே வகைதான். புளித்த தண்ணீர் நிரம்பிய கோழியைக் காலைப் பிடித்துக் கவிழ்த்தால் வாயால் தண்ணீர் கொட்டும். பார்ப்பவருக்கு நோய் இறங்கியதுபோல் தோன்றும். கொட்டும் அந்தக் கணத்தில் கோழியால் மூச்சை அடக்க முடியாது. குழாய் செலுத்தி வெளியேற்றத் தெரிந்த வைத்தியரின் வேலையை நாம் உதறிச் செய்ய முற்படக்கூடாது.

புளிப்பு, கட்டுப் போன்றதல்ல. தீன்பையின் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து கன்டிடா என்ற பூஞ்சணம் பெருகுவதால் பெரும்பாலும் அது வருகிறது. உட்சுவர் தடித்து வெண்படலம் படியும். மாரி மழையில் பூசணம் பிடித்த அரிசிக்குறுணல், பழஞ்சோறு, பால் பிழிந்து எறிந்த தேங்காய்ச் சக்கை, நாள்கணக்காக மாற்றாத தண்ணீர்ச் சட்டி ஆகியவை அதற்கு வழி திறக்கின்றன. அதைவிடப் பெரிய வழியை நாமே திறந்துவிடுகிறோம். கோழி சோர்ந்தவுடன் பாமசியில் ஒரு ரெட்ராசைக்ளின் கப்சூலோ அமொக்சிசிலினோ வாங்கி, உடைத்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். நுண்ணுயிர்க்கொல்லி பூஞ்சணத்தைத் தொடுவதில்லை. அதை அடக்கி வைத்திருந்த நல்ல நுண்ணுயிர்களைத்தான் கொல்கிறது. புளிப்புக்குக் கொடுத்த கப்சூலே புளிப்பை முற்ற வைக்கிறது. மருந்தின் எச்சம் முட்டையிலும் இறைச்சியிலும் தங்கும் என்பது தனிக் கவலை.

கருப்பட்டித் தண்ணீரும் சீனித் தண்ணீரும் களைப்பைப் போக்கும் என்று கொடுப்பார்கள். பூஞ்சணத்துக்கு அதுவே விருந்து. பாலும் ஆகாது, பால் வெல்லத்தைச் செரிக்கும் நொதி கோழிக்கு அநேகமாக இல்லை. எருமைத் தயிர் இங்கே எந்தக் கடையிலும் சட்டியாகக் கிடைப்பதால் அதைக் கேட்காதவர் இல்லை. ஒரு கரண்டி தயிர் கெடுதல் செய்யாது. ஆனால் பூஞ்சணம் வேரூன்றிய தீன்பையை அது மட்டும் குணமாக்கும் என்று நம்பி நாளைக் கடத்தக்கூடாது. பழைய கையேடுகள் மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லின. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. சமையலறைக் கரண்டியால் அளந்து கொடுக்கும் பொருளல்ல அது. இதற்கென்றே உள்ள நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சண மருந்தைக் கோழியின் எடை பார்த்து வைத்தியர் எழுதித் தருவார்.

மூலிகைகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடும் எண்ணம் எனக்கில்லை. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி மரபுக் கால்நடை மருத்துவத்தைத் தொகுத்து, பயன்படுத்தும் அளவுகளை வகுத்துக் கொடுத்தவர். மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்துப் பூசும் முறையை இந்தியாவின் தேசிய பால்வள வாரியமே இன்று பரப்புகிறது. அங்கே நோய் எது, எவ்வளவு, எத்தனை தடவை என்பது தெளிவு. நம் வீடுகளில் உள்ளியும் மிளகும் இஞ்சியும் எந்தத் தீன்பைக்கு என்ற கேள்வியே இல்லாமல் உருண்டையாகத் திணிக்கப்படுகின்றன. ஏற்கெனவே அடைத்த பைக்குள் இன்னொரு உருண்டையைத் தள்ளுவதால் அடைப்புத்தான் கூடும்.

தொங்கல் ஒருமுறை வந்துவிட்டால் தசை பழைய நிலைக்கு மீள்வது கடினம். தீனைச் சிறு சிறு பங்காக, நனைத்துக் கொடுத்து அந்தக் கோழியை ஓரளவு நாள் ஓட்டலாம்.

இனி, கீறித் தைக்கும் வைத்தியம். யாழ்ப்பாணம் தொட்டுத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை மூத்த பெண்கள் செய்துவந்தது இது. மருந்து தடவிய விதைநெல்லைக் கோழி தின்றுவிட்டால் கழுத்தடி இறகைப் பிடுங்கி, பிளேட்டால் கீறி, நெல்லை வழித்தெடுத்து, உப்புத்தண்ணீரால் கழுவி, தையல் ஊசியாலும் நூலாலும் தைத்து, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிவிடுவார்கள். பிழைத்த கோழிகள் உண்டு. அந்தப் பெண்களின் துணிவிலும் கணிப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நெல் தீன்பையில் முழுதாகக் கிடக்கும் வரை நஞ்சின் பெரும்பகுதி இன்னும் உடம்பில் ஏறவில்லை. தீன்பைக்கு இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் புண் விரைவில் ஆறும். வைத்தியர்களும் கட்டு இளகாதபோது இதே இடத்தைத்தான் திறக்கிறார்கள். ஆனால் அவர்கள் கோழியை வலியறியாமல் செய்து, தீன்பைச் சுவரைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் இரண்டு அடுக்காகத் தைக்கிறார்கள். வீட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தையலாக இழுத்துவிடும்போது உள்ளே சுவர் சரியாக ஒட்டாமல் தண்ணீரும் தீனும் கசிந்து தோலுக்கடியில் சீழ் பிடிக்கிறது. கோழிக்கு வலி தெரியும். சத்தமின்றிக் கிடப்பது பயத்தில் விறைத்ததால். போக்குவரத்தும் வைத்தியரும் இல்லாத காலத்தின் வைத்தியமாக இதை மதிக்கிறேன். இன்று கிண்ணியாப் பாலத்தைக் கடந்தால் திருகோணமலை நகரம் இருக்கும்போது இதைச் செய்யச் சொல்லமாட்டேன். பூச்சிமருந்து தின்ற கோழி வாயில் நீர் வடிந்து நடுங்கத் தொடங்கிவிட்டால் நஞ்சு ஏறிவிட்டது. அதற்கு அற்றோபின் ஊசிதான் முறிவு. செத்தால் உண்ணவும் கூடாது, நாய்க்கும் காகத்துக்கும் எறியவும் கூடாது. ஆழப் புதைக்க வேண்டும்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரில் இன்னொரு கணக்கும் நடக்கிறது. கோழி தானாகச் செத்தால் ஹராம். உயிரோடிருக்கும்போது அறுத்தால் ஹலால். அதனால் “கோழி தூங்குது மகன், சாகமுந்தி அறுத்துப் போடு” என்ற குரல் முதல் நாளே எழுந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறு நோயில்லாத, மருந்து எதுவும் கொடுக்காத கோழிக்குப் புல் அடைத்திருந்தால், துன்பத்தில் வைத்திருப்பதைவிட முறைப்படி அறுப்பது நல்லது, இறைச்சிக்கும் குறையில்லை. நேற்றுக் கப்சூல் போட்டு இன்று அறுப்பதும், நஞ்சு தின்றதாகச் சந்தேகமுள்ள கோழியைச் சட்டியில் போடுவதும்தான் ஆபத்து. ஒன்றில் வைத்தியம், இல்லாவிட்டால் அறுப்பு என்று முதல் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

தீன்பை வீக்கம் வேறொரு நோயின் வாசலாகவும் இருக்கலாம் என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கோழிகளுக்குத் தீன்பை புளித்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகினால் அது பெரும்பாலும் ராணிக்கெட். 1920களில் இமயமலையோரத்து ராணிக்கேத்திலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்டு இரண்டு ஊர்ப் பெயராலும் வழங்கும் வைரசு நோய். அதற்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. அறுத்த கோழியின் இறகையும் குடலையும் வேலிக்கு அப்பால் வீசினால் அயலவரின் கூட்டுக்கும் அதை அனுப்பியதாகும். இளங்கோழி ஒரு காலை முன்னுக்கும் மறுகாலைப் பின்னுக்கும் நீட்டி விழுந்து, தீன்பையும் வடியாமல் இருந்தால் மரெக் நோய் வேகஸ் நரம்பைத் தாக்கியிருக்கக்கூடும். 1907இல் ஹங்கேரியின் யோசெப் மரெக் விவரித்த இந்த நோய்க்கும் குஞ்சுப் பருவத் தடுப்பூசியைத் தவிர வழியில்லை.

சோறு பற்றியும் ஒரு சொல். 1890 வாக்கில் டச்சு ஆட்சியிலிருந்த பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மான் என்ற மருத்துவர் தன் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கொடுக்க மறுத்து, தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு போய்விடும் உயிர்ச்சத்து பி1 பற்றிய அறிவு அங்கிருந்து வளர்ந்தது; 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கிண்ணியா வீடுகளில் மத்தியானம் மிஞ்சும் வெள்ளைச் சோறு கோழிக்குத்தான் போகிறது. அது மட்டுமே தீனானால் நரம்பும் தசையும் தளரும், தீன்பையும் தசைதான். ஊர் அரிசி ஆலையில் வாங்கும் தவிட்டைச் சோற்றில் பிரட்டிக் கொடுப்பது எந்தக் கஷாயத்தையும்விட மேலானது.

கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் முற்றத்து மணல் அரைப்பதற்கு மிகவும் நுண்ணியது. கடற்கரைச் சிப்பியை நொறுக்கிப் போடுபவர்கள் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். சிப்பி சுண்ணாம்பு, அமிலத்தில் கரைந்து முட்டை ஓட்டுக்குப் போய்விடும். அரைவைப்பைக்குக் கரையாத கடினமான கல் வேண்டும், நெல்மணி அளவில். கிறவல் வீதியோரத்தில் பொறுக்கிய வெள்ளைக் கல் ஒரு சிரட்டை அளவு கூட்டருகே கிடந்தால் கோழி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தனித்தனிச் சிரட்டையில் வைப்பது நல்லது.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போக ‘பாதை’ என்ற மிதவைப் படகு வரும்வரை துறையடியில் காத்துநிற்க வேண்டியிருந்தது. ஒரு கோழிக்காக அப்படி யார் போவார்? அந்தக் காலத்தில் பழகிய மனநிலை இன்னும் மாறவில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடும் வீடுகள்கூடக் கோழியைக் கொண்டுபோகக் கூச்சப்படுகின்றன. முச்சக்கரவண்டிக் கூலி கோழியின் விலையில் பாதியாகிவிடும் என்பதும் மெய்தான். ஆனால் ஒரு கோழியைப் பார்த்து வைத்தியர் சொல்லும் விடை வளவின் மீதிக் கோழிகளுக்கும் உரியது. போகும்போது அன்று காலை இட்ட எச்சத்தைச் சிறு பொலித்தீனில் கட்டிக்கொண்டு போக வேண்டும். எப்போது தொடங்கியது, என்ன தின்றது, வீட்டில் என்னென்ன கொடுத்தீர்கள் என்று வைத்தியர் கேட்பார். கப்சூல் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுத்துவிட்டிருந்தாலும் தீன்பையைக் கீறாமல் அப்படியே எறிந்துவிடக்கூடாது. நெடுக வெட்டி விரித்துப் பார்த்தால் புல்லா, தங்கூசியா, வெண்படலமா, வெறும் புளித்த தண்ணீரா என்பது தெரிந்துவிடும். அரைவைப்பையையும் வெட்டி, உள்ளே கல் இருக்கிறதா, சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ஈயத்துண்டு ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, கிடைத்ததை ஒரு போத்தலில் போட்டு மூடி அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லலாம்.